நின்றுகொண்டு சாப்பிட்டவர்

இவர் பெயரை எழுதமாட்டேன். தெரியாமல் இல்லை. "என் பேரு காரைக்கால் பக்கம் யார் காதுலயும் விழக்கூடாது தம்பி. விழுந்தா அந்தாளு உஷாராயிடுவான்" என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். சரி என்றேன். அந்த ஆளும் சாம்பலாகி, இவரும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. இருந்தாலும் சொன்னது சொன்னதுதான். மூன்றாம் வகுப்போடு சிலேட்டைத் தூக்கிப் போட்டவன் நான். இன்று காரைக்காலில் என் பஸ்ஸில் ஏறாத குடும்பம் இல்லை. வாக்கு மாறாததால் வந்தது இது. படித்தவர்கள் வேறு காரணம் சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

தஞ்சாவூர் அரண்மனை வாசலில் நின்று, பார்க்க வருகிறவர்களை உள்ளே அழைத்துப்போய்க் கதை சொல்வது அவர் பிழைப்பு. யாரும் வேலைக்கு வைத்த ஆள் இல்லை, தானாக வந்து நின்றவர். ஒல்லியான உடம்பு, பழகினவர்களுக்கும் அடையாளம் தெரியாதபடி முகத்தை மூடிய தாடி, முழங்கைவரை மடித்த சட்டை, கையில் மெல்லிய மூங்கில் குச்சி. சித்திரங்களைக் காட்டுவதற்குத்தான் குச்சி. அதன் நுனி சுவருக்கு ஒரு விரற்கடை தள்ளியே நிற்கும், படாது. "எப்படி இருக்கீங்க அண்ணே?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்று ஒருநாளும் சொன்னதில்லை. "நிக்கிறேன்" என்பார்.

மத்தியானம் ஆனால் தூக்குச்சட்டியைத் திறப்பார். மணிமாடத்தின் நிழலில், சுவரில்கூடச் சாயாமல், நின்றபடியே தயிர்ச்சோற்றைப் பிசைந்து சாப்பிடுவார். பக்கத்திலேயே கல் மேடை இருக்கும். பேசிக் களைத்தால் அதில் உட்காருவார், வெற்றிலை போடுவார், காலை நீட்டித் தூங்கக்கூடச் செய்வார். சோறு மட்டும் நின்றுகொண்டுதான். நான் முதலில் ஏதோ மூலவியாதி என்று நினைத்தேன்.

நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சொல்லவேண்டும். சுற்றிலும் சுதந்திரம் வந்தபிறகும் எங்கள் காரைக்கால் சில வருஷம் பிரெஞ்சுக்காரன் கையிலேயே இருந்தது. எல்லைச் சாவடியில் மூட்டையை அவிழ்த்துக் காட்டாமல் ஒரு முழம் துணி வெளியே போகாது, உள்ளேயும் வராது. கல்யாணம், சாவு என்றால் ஒழிய எங்கள் ஜனங்கள் எல்லை தாண்டமாட்டார்கள். வேடிக்கை பார்க்கவென்று யாரும் போனதில்லை. பிறகு வெள்ளைக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போனான், சாவடியும் போயிற்று. ஊரைவிட்டுப் போன துரை ஒருவரின் வேன் ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்தது. எல்லாரும் பேரீச்சம்பழத்துக்குப் போடும் இரும்பு என்று சிரித்தார்கள். நான் அதை எடுத்து, நானே கழற்றி, நானே பூட்டி, ஓட விட்டேன். நாகூர், வேளாங்கண்ணி, தஞ்சாவூர் என்று ஜனங்களை ஏற்றிக்கொண்டு போனேன். காரைக்காலிலிருந்து அரண்மனை பார்க்க ஆள் ஏற்றிய முதல் வண்டி என்னுடையது. வேறு யாராவது உரிமை கொண்டாடினால் நம்பவேண்டாம்.

முதல் நடையிலேயே என் வண்டியில் வந்த கோட்டுச்சேரிக்காரர் ஒருவர் தர்பார் மண்டபத்தில் நின்று கேட்டார்:

"ஏங்க, எங்க ஊர்ப் பண்ணையாரோட முப்பாட்டன் படம் இந்தச் சுவத்துல இருக்குதாமே, அது எதுங்க?"

அந்தப் பண்ணையார் பெருமை எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். கோட்டுச்சேரியில் பாதி நிலம் அவருடையது. வீட்டுக்கு யார் போனாலும் இதுதான் பேச்சு: "எங்க முப்பாட்டன் தஞ்சாவூர் மகாராஜாவுக்கு வலதுபக்கம் நின்னவரு. அரண்மனைச் சுவத்துல இன்னைக்கும் இருக்காரு, போயிப் பாருங்க." யார் போய்ப் பார்ப்பது? சாவடி இருந்தவரைக்கும் அந்தப் பேச்சுக்குக் காவல் இருந்தது.

கேள்வியைக் கேட்டதும் இவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நெடுநாளாக எதிர்பார்த்த கேள்வி என்று எனக்கு அப்போது தெரியாது. "வாங்க, காட்டுறேன்" என்று மண்டபத்தின் பின்பக்கம் அழைத்துப் போனார். தடித்த தூண்கள், பூவும் கொடியுமாக வண்ணம் தீட்டிய வளைவுகள், சுவரில் சுதையில் செய்த தெய்வங்கள், யானைகள். அதையெல்லாம் தாண்டி, வெளிச்சம் சரியாக விழாத மூலையில் ஓர் ஆள் உருவம். முகம் பாதி இல்லை. கையில் எதையோ பிடித்திருந்தது. அந்த இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்து வெறும் மேடுதான் மிச்சம்.

குச்சி உயர்ந்தது. "இவருதாங்க."

"கையில என்னங்க அது?"

"படிக்கம்."

கோட்டுச்சேரிக்காரர் கிட்டே போய் எட்டிப் பார்த்தார்.

"மகாராஜா வெத்தலை போட்டாருன்னா துப்பணுமில்லீங்களா? அந்தப் படிக்கத்தை ஏந்திக்கிட்டு வலதுபக்கம் நிப்பாரு. ரொம்பப் பொறுப்பான வேலைங்க. ஒரு சொட்டு கீழ விழக்கூடாது."

திரும்பி வரும் வழியில் வண்டி குலுங்கியது பள்ளத்தால் இல்லை, சிரிப்பால். ஒரே வாரத்தில் கோட்டுச்சேரிக் கடைத்தெருவில் பண்ணையாருக்குப் புதுப்பெயர். முன்னால் போனால் "ஐயா வர்றாங்க". முதுகைத் திருப்பினால் "படிக்கம் போகுது". அடுத்தடுத்த நடைகளில் அந்த மூலையைப் பார்ப்பதற்கென்றே ஆள் ஏறினார்கள். மண்டபத்தூரிலிருந்து மீன் விற்கும் பெண்கள் ஒரு வண்டி நிறைய வந்து, ராஜா உட்கார்ந்த இடத்தைக்கூடப் பார்க்காமல், "எங்கண்ணே அந்த எச்சிச் சட்டி?" என்று நேராகப் போனார்கள். பண்ணையார் வீட்டுக் கூடத்தில் எப்போதும் இருக்கும் வெள்ளிப் படிக்கம் ஒருநாள் காணாமல் போயிற்று. பிற்பாடு அவர் வெற்றிலை போட்டால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்த்தான் துப்பினார். இதைக் கேட்டு நான் பட்ட சந்தோஷத்தை எழுத எனக்குப் படிப்புப் போதாது.

எனக்கும் அந்த ஆளிடம் ஒரு கணக்கு இருந்தது. வண்டி வாங்கிய புதிதில் அவர் ஒருமுறை ஏறினார். ஏறுவதற்கு முன் வேலையாளைக் கூப்பிட்டு, வீட்டிலிருந்து கோரைப்பாய் கொண்டுவரச் சொல்லி, என் சீட்டின்மேல் விரித்து, அதற்குமேல் உட்கார்ந்தார். "கண்டவனும் உட்கார்ற எடம்" என்றார். அந்த சீட்டுக்குத் துணி தைத்தது என் உம்மா. நான் வாய் திறக்கவில்லை, திறக்கும் நிலையில் நான் இல்லை. பாயைச் சுருட்டி அவர் இறங்கிப் போனபிறகு அந்த சீட்டைத் துடைத்தேன். அழுக்கு எதுவும் இருந்து துடைக்கவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இவரிடம்கூட.

இவர் கணக்கு என்னுடையதைவிடப் பெரியது. வண்டியில் வந்தவர்கள் பெரிய கோவிலுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், நான் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் நின்று சோறு சாப்பிட்டபடியே சொன்னார்.

அவர் சொந்த ஊர் கோட்டுச்சேரிதான். அந்தப் பண்ணைக்குக் காரியக்காரர். விதைப்பு, அறுப்பு, ஆள் கூலி எல்லாம் இவர் பொறுப்பு. பண்ணையார் மகனுக்குக் காதுகுத்து வந்தது. பந்தல் போட்டது, அரிசி அளந்தது, அடுப்பு மூட்டியது வரைக்கும் இவர்தான். கடைசிப் பந்தியில்தான் உட்கார்ந்திருக்கிறார். சோறு விழுந்து, சாம்பார் விழுந்து, பிசைந்து முதல் கவளத்தைக் கையில் எடுத்தாயிற்று. அந்த நேரம் பார்த்து ஊர் மேர் தன் ஆட்களோடு வந்திருக்கிறார். பிரெஞ்சுக்காரன் காலத்தில் ஊர்த்தலைவருக்கு மேர் என்று பெயர். ஓர் இலை குறைந்தது. பண்ணையார் வரிசையைப் பார்த்து, இவர் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "எந்திரிடா, நீ அப்பறம் சாப்பிட்டுக்கலாம்" என்றாராம்.

"கவளம் கையில இருக்கு தம்பி. எலையில வைக்கிறதா, வாயில போடுறதா? எனக்கு வெளங்கலை. மூடின கையோட எந்திரிச்சிட்டேன். வாசல் தாண்டி, வாய்க்கால் வரைக்கும் அப்படியே போனேன். தண்ணியில கையைத் தொறந்தேன். மீனு தின்னுச்சு."

எங்களில் விருந்து என்றால் சஹன். ஒரே பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து கை போட்டுச் சாப்பிடுவோம். அதில் ஒருவன் தோளைத் தட்டி எழுப்பினால் மற்ற மூன்று பேரும் எழுந்துவிடுவார்கள். அந்தப் பந்தியில் யாரும் எழவில்லையா என்று கேட்டேன்.

"பாயசம் வந்துக்கிட்டிருந்துச்சு தம்பி" என்றார்.

அன்றே ஊரை விட்டார். எந்த வாய் எழுந்திரு என்று சொன்னதோ, அதே வாய் மரியாதையாக உட்காருங்கள் என்று சொல்லும்வரை உட்கார்ந்து சாப்பிடுவதில்லை என்று அந்த வாய்க்கால் கரையில் முடிவு செய்திருக்கிறார். நேராகத் தஞ்சாவூருக்கு வந்தது எதற்கு என்று நினைக்கிறீர்கள்? முப்பாட்டன் படம் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க. மூலைமூலையாகத் தேடியிருக்கிறார். அப்படி ஒன்று இல்லவே இல்லை.

"ஏமாந்து போயிட்டேன். அப்பறந்தான் இந்த மூஞ்சியில்லாத ஆளைப் பாத்தேன். சரி, அவன் சொன்ன பொய்க்கு நாம ஒரு எடம் குடுப்போம்னு தோணுச்சு. சாவடி ஒருநா தொறக்கும், ஊர்க்காரன் ஒருத்தன் வந்து கேப்பான்னு நின்னேன்."

காத்திருந்த காலத்தில், மற்றவர்கள் சொல்லக் கேட்டுக் கேட்டு அரண்மனையின் கதை முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டார். ஆனால் அவர் சொன்னால் அது வேறு மாதிரி இருக்கும். "நாயக்கர் எலை போட்டாங்க. மராட்டியர் வந்து உட்கார்ந்தாங்க. இங்கிலீஷ்காரன் தோளைத் தட்டி எழுப்பிட்டு அவன் உட்கார்ந்தான். இப்ப அவனையும் எழுப்பியாச்சு. அரண்மனைன்னா வேற ஒண்ணுமில்லீங்க, ஒரு நீளமான பந்தி" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

வயல்களில் புதைந்து கிடந்து கிடைத்த செப்புச் சிலைகளை அப்போது அரண்மனைக்குள் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். எல்லாரும் நடராஜரின் தூக்கிய காலைப் பார்ப்பார்கள். அம்பாளின் இடுப்பு வளைவைப் பார்ப்பார்கள். மெழுகில் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி, அந்த வெற்றிடத்தில் செம்பை ஊற்றுவதை அவர் அழகாக விளக்குவார். முடிவில் குச்சியைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார்: "எத்தனை தலைமொறை மண்ணுக்குள்ள கெடந்தாங்களோ. மேல ஏர் ஓடிச்சு, மாடு நடந்துச்சு. இன்னைக்கு எந்திரிச்சு வந்து நிக்கிறாங்க, மொகத்துல கோவம் இருக்கா பாருங்க. அவங்களுக்கு அவசரமே இல்லை."

என் நிக்காஹுக்கு வந்தார். எல்லைக்குள் கால் வைக்காதவர், எனக்காக வந்தார். ஆனால் ஊருக்குள் யாரும் அடையாளம் கண்டுவிடக்கூடாது என்று தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். என் மாமனார் கையைப் பிடித்து, "அட வாங்கங்க, சஹன்ல ஒரு ஆள் கொறையுது" என்று இழுத்தார். இவர் கை கூப்பினார். "கோச்சுக்காதீங்க பாய். எனக்கு ஒரு தட்டுல போட்டுக் குடுத்துடுங்க." பந்தல்காலை ஒட்டி நின்றுகொண்டு நெய்ச்சோறு சாப்பிட்டார். மாமனார் கோபித்துக்கொண்டார். "உம் சிநேகிதரு பெரிய ராஜாவோ? நம்மகூட உட்காரமாட்டாரோ?" என்று என்னிடம் கேட்டார். "மாமா, அவர் ராஜா வீட்டுலயும் நிக்கிறவருதான்" என்றேன்.

பண்ணையார் மகளுக்குக் கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல இடம். பேசி முடித்து, தட்டு மாற்றப்போகும் நேரத்தில் மாப்பிள்ளையின் அத்தை காதில் படிக்கம் கதை விழுந்துவிட்டது. அந்த அம்மாள் சுற்றி வளைக்காமல் கேட்டாராம்: "உங்க முப்பாட்டன் மகாராஜா பக்கத்துல நின்னாருங்கிறீங்க. கையில என்ன வச்சுக்கிட்டு நின்னாருன்னு ஊர்ல வேற மாதிரி பேசுறாங்களே. தஞ்சாவூர் என்ன தூரமா? எல்லாரும் போயிப் பாத்துட்டு வந்தே தட்டு மாத்திக்கலாம்."

மாட்டேன் என்று சொல்ல முடியுமா? சொன்னால் ஒப்புக்கொண்டதாகிவிடும். பண்ணையார் என் வண்டியைத்தான் கூப்பிட்டார். வேறு வண்டி ஏது?

"ஏம்ப்பா, அங்க கதை சொல்ற ஆளு உனக்குப் பழக்கமாமே. பக்குவமாச் சொல்லி வை" என்றார். 'டா' போய் 'ப்பா' வந்திருந்தது.

"சொல்லி வைக்கிறேங்க" என்றேன். சொல்லியும் வைத்தேன். கும்பகோணம் பஸ் டிரைவர் மூலம் ஒரே வரி: வெள்ளிக்கிழமை உங்க விருந்தாளி வர்றார்.

அன்று காலையில் அரண்மனை வாசலில் இவரைப் பார்த்தபோது எனக்கே திகைப்பு. முகம் மழித்து, வெள்ளை வேட்டி கட்டி, விபூதி பூசி, கல்யாணத்துக்குப் போகிறவர்போல நின்றார். பண்ணையார் இவரைப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை! இத்தனை வருஷம் ஒரு மனிதர் தன்னை நினைத்தே சோறு தின்றிருக்கிறார், அந்த ஆளுக்கு முகம்கூட ஞாபகம் இல்லை. இவர் கண் ஒருதரம் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

அவசரமே படவில்லை. மணிமாடத்தைச் சுற்றிக் காட்டினார். செப்புச் சிலைகளைக் காட்டினார். பண்ணையார், "நேரா தர்பாருக்குப் போயிடலாமே" என்று நாலு தடவை சொல்லிப் பார்த்தார். "போலாங்க, வரிசையாப் போனாத்தான் ருசி" என்றார் இவர். ஒரு முற்றத்தில் நின்று, நாயக்கர் குடும்பம் அழிந்த கதையைச் சொன்னார்.

"மதுரை ராஜா இந்த வீட்டுல பொண்ணு கேட்டாரு. இவங்க குடுக்கமாட்டேன்னுட்டாங்க. பழைய பகை ஒண்ணு இருந்துச்சு. படை வந்துச்சு. மானம் போறதுக்கு முன்னால அந்தப்புரத்துக்கு வெடிமருந்து வச்சிட்டாராம் ராஜா. பொண்ணு கேக்குற எடத்துலயும் குடுக்குற எடத்துலயும் பழைய பகை ஏதும் இருக்கான்னு பாத்துக்கணுங்க."

மாப்பிள்ளையின் தகப்பனார் தலையாட்டினார். சாதுவான மனிதர். பண்ணையார் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

தர்பார் மண்டபத்தின் வாசற்படிக்கு வந்ததும் இவர் நின்றுவிட்டார். "வெயில் ஏறிடுச்சு. சாப்பிட்டுட்டு வந்து உள்ள பாப்போம். மகாராஜா எங்கயும் போயிடமாட்டாரு."

வண்டியிலிருந்து பாத்திரங்களை இறக்கினோம். புளியோதரை, வடை, தயிர்ச்சோறு, ஒரு தூக்கு நிறைய ரசம். முற்றத்தில் மரத்தடியில் இலை போட்டார்கள். பெண் வீட்டு விருந்து என்பதால் பண்ணையார் உட்காராமல் தானே கரண்டி பிடித்தார். இவர் வழக்கம்போலத் தள்ளி நின்றார்.

மாப்பிள்ளையின் தகப்பனார்தான் கூப்பிட்டார். "ஐயா, நீங்களும் வாங்க. காலையிலேருந்து தொண்டை வறளப் பேசியிருக்கீங்க."

"எனக்கு ஒரு பழக்கம்ங்க. விருந்து யாருதோ அவங்க வாயால சொல்லாம உட்காரமாட்டேன். முந்தி ஒரு எடத்துல உட்கார்ந்துட்டு, சோத்துல கை வச்சப்பறம் எந்திரிக்கவேண்டியதாப் போச்சு."

அத்தை வடையைக் கீழே வைத்துவிட்டார். "அடப்பாவிங்களா! எலையில கை வச்சவரையா எழுப்புனாங்க? எந்த ஊர்லங்க?"

"கோட்டுச்சேரிதாங்க."

கரண்டி பாத்திரத்தில் மோதும் சத்தம் கேட்டது. பண்ணையார் நிமிர்ந்து இவர் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தார் என்று சொல்லவேண்டும். அந்த ஆள் முகத்தில் ரத்தம் வற்றியதை நான் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அல்லாஹ் எனக்குக் கொடுத்த நல்ல காட்சிகளில் அது ஒன்று.

"கோட்டுச்சேரியா? யார் வீட்டுல?" என்றார் அத்தை.

"சாப்பாட்டு நேரத்துல எதுக்குங்க அந்தப் பேச்சு? உள்ள போயிப் படத்தைப் பாக்கும்போது ஞாபகம் வந்தாச் சொல்றேன்."

எல்லாரும் பண்ணையாரைப் பார்த்தார்கள். காகம் கத்தியது.

"உட்காரு..." என்று ஆரம்பித்து, விழுங்கி, "உட்காருங்க" என்றார்.

"வெயில்ல காது அடைச்சிடுச்சுங்க."

"உட்காருங்க. சாப்பிடுங்க."

உட்கார்ந்தார். குச்சியைப் பக்கத்தில் நீளவாக்கில் வைத்தார். பண்ணையார் குனிந்து புளியோதரை வைத்தார். இவர் அதைப் பிசைய எடுத்துக்கொண்ட நேரத்தில் மற்றவர்கள் தயிருக்குப் போய்விட்டார்கள். பந்தியில் கடைசி ஆள் முடிக்காமல் யாரும் எழக்கூடாது அல்லவா? இவர் ஒவ்வொரு பருக்கையாக மென்றார். "ரசம் கொஞ்சம்" என்றார். பண்ணையார் குனிந்தார். "இன்னும் கொஞ்சம்" என்றார். மறுபடி குனிந்தார். எல்லாருக்கும் கை காய்ந்துபோயிற்று. மாப்பிள்ளையின் தகப்பனார் இலையில் கோலம் போட ஆரம்பித்துவிட்டார். நின்றுகொண்டிருந்தது ஒரே ஒரு ஆள்தான்.

பிறகு உள்ளே போனோம். வளைவுகளைக் காட்டினார், தூண்களைக் காட்டினார், ராஜா அமரும் மேடையைக் காட்டினார். கடைசியில் அந்த மூலை. குச்சி உயர்ந்தது.

"இவருதாங்க ஐயாவோட முப்பாட்டன்."

அத்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டே போனார். "கையில என்னங்க அது?"

இவர் பதில் சொல்லாமல் பண்ணையாரைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எப்படி எழுதுவது? பூனை எலியைப் பார்ப்பதில்கூடக் கொஞ்சம் பசி இருக்கும். இவர்தான் சாப்பிட்டு முடித்துவிட்டாரே!

"உடைவாள்ங்க" என்றார். "மகாராஜாவோட உடைவாள். சுண்ணாம்பு உதிர்ந்துபோச்சு. விவரம் தெரியாதவங்க வேற என்னமாவது சொல்வாங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடலாமா என்று இருந்தது. அவர்கள் முன்னால் போனதும் இவர் சட்டையைப் பிடித்தேன். "என்ன அண்ணே இப்படி விட்டுட்டீங்க? ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா!"

"சொல்லியிருந்தா இன்னையோட முடிஞ்சிருக்கும்" என்றார் நிதானமாக. "வாளை அவன் கையில குடுத்து வச்சிருக்கேன் தம்பி. நான் நெனைச்ச அன்னைக்கு சம்பந்தி வீட்டுக்கு முன்னால அது படிக்கமாயிடும். அது அவனுக்குத் தெரியும். இனிமே அவன் வீட்டுல எந்தப் பந்தி நடந்தாலும் எனக்கு ஒரு எலை இருக்கும். அவன்தான் சொல்லணும். அவன்தான் போடணும்."

அப்படித்தான் நடந்தது. கல்யாணத்துக்குப் போனார். வளைகாப்புக்குப் போனார். பேரன் பெயர் வைக்கும் விருந்துக்குப் போனார். நானே வண்டியில் அழைத்துப் போய் இறக்குவேன். முதல் பந்தியில், முதல் இலைக்கு முன்னால் போய் நிற்பார். பண்ணையார் எங்கிருந்தாலும் வந்து, "உட்காருங்க, சாப்பிடுங்க" என்பார். இவர் உட்கார்ந்து, பந்தி முழுவதும் கை காயும்வரை சாப்பிடுவார். ஊரே இதற்கு என்ன காரணம் என்று மண்டையை உடைத்துக்கொண்டது. பண்ணையார் வருஷத்துக்கு வருஷம் இளைத்தார். ஒருநாள் இவரைத் தனியாக வாசலில் நிறுத்தி, "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார். நான் கேட்கும் தூரத்தில்தான் நின்றிருந்தேன். இவர் பற்குச்சியால் பல்லைக் குத்திக்கொண்டே, "உங்க வீட்டு ரசம் நல்லாயிருக்குங்க" என்றார்.

அதிக காலம் ஓடவில்லை. பண்ணையார் போய்விட்டார். சேதி சொல்ல நானே அரண்மனைக்குப் போனேன். இவர் யாருக்கோ யானைச் சுதையைக் காட்டிக்கொண்டிருந்தார். காதில் சொன்னேன். குச்சி காற்றில் நின்ற இடத்திலேயே நின்றது. "அப்படியா" என்றார். யானையைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே வந்து கல் மேடையில் உட்கார்ந்தார்.

கருமாதிச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனேன். மூத்த மகன், அந்தக் காதுகுத்துப் பிள்ளைதான், ஓடிவந்து கை கூப்பினான். "ஐயா வாங்க. அப்பா சொல்லியிருக்காங்க, உங்களுக்கு மொத எலைன்னு. உட்காருங்க ஐயா, சாப்பிடுங்க." இவர் இலையைப் பார்த்தார். சுற்றும்முற்றும் தேடுவதுபோலப் பார்த்தார். "ஒரு தட்டுல போட்டுக் குடு தம்பி" என்றார். தட்டை வாங்கிக்கொண்டு பந்தல்காலை ஒட்டி நின்றார். பாதிக்குமேல் இறங்கவில்லை. வண்டியில் திரும்பி வரும்போது ஒரே ஒரு தடவை பேசினார்.

"நல்லா ஏமாத்திட்டான்" என்றார்.

கொஞ்ச நாள் கழித்து நிரவிக்காரர்கள் ஒரு வண்டி நிறைய ஏறினார்கள். தர்பார் மண்டபத்தின் மூலைக்கு வந்ததும் ஒருவர் வழக்கம்போலக் கேட்டார்: "கோட்டுச்சேரியார் முப்பாட்டன் இவருதானா? கையில என்னங்க?"

இவர் நெடுநேரம் அந்த உருவத்தையே பார்த்தார். குச்சியைத் தூக்கவில்லை.

"யாருன்னு தெரியாதுங்க. யாரோ நிக்கிறாரு. அவ்வளவுதான்."

கூட்டத்தின் பின்னால் வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்ற என்னால் பொறுக்கமுடியவில்லை. "படிக்கம்ங்க அது!" என்றேன், மண்டபம் எதிரொலிக்கும்படி. "கோட்டுச்சேரியார் முப்பாட்டன்தான்! கையில இருக்கறது எச்சிப் படிக்கம்தான்!"

இவர் திரும்பினார். அந்த முகத்தில் கொஞ்சநாளாக இல்லாத ஒரு கவனம் வந்தது. "உனக்கு அவன் என்ன தம்பி பண்ணினான்?"

"என் சீட்டுல பாய் விரிச்சு உட்கார்ந்தான் அண்ணே. எங்க உம்மா தைச்ச சீட்டு."

"இத்தனை நாளாச் சொல்லவே இல்லையே நீ."

"நீங்க கேக்கலையே."

தலையை மெல்ல ஆட்டினார். இரண்டு எட்டு வைத்து என்னிடம் வந்து, கையிலிருந்த மூங்கில் குச்சியை நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். நுனி சுவரில் படாமல் உயர்த்தி, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.